2,500 டாலர் வரம்பு: ஏழைகளின் பக்கம் நின்று பட்ஜெட் படிக்கும் ஒரு வாஷிங்டன் அமைப்பு

2003 மே 28 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் ஒரு வரிக்குறைப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மொத்தம் 35,000 கோடி டாலர் மதிப்புள்ள சட்டம். பங்கு ஈவுத்தொகைக்கு வரி குறைந்தது, மூலதன ஆதாயத்துக்கும் குறைந்தது. குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கான வரிச் சலுகை ஒரு குழந்தைக்கு 600 டாலரிலிருந்து 1,000 டாலராக உயர்ந்தது. கூடும் 400 டாலர் அந்தக் கோடையிலேயே காசோலையாக வீட்டுக்கு வரும் என்றும் சொன்னார்கள்.

மறுநாள் காலை நியூயார்க் டைம்ஸில் வந்த செய்தி வேறு மாதிரி இருந்தது. ஆண்டுக்கு 10,500 டாலர் முதல் 26,625 டாலர் வரை சம்பாதிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த 400 டாலர் வராது. செனட் நிறைவேற்றிய மசோதாவில் அவர்களுக்கான பிரிவு இருந்தது. இரு அவைகளும் உட்கார்ந்து இறுதி வடிவத்தைப் பேசி முடித்தபோது அது காணாமல் போயிருந்தது. அதனால் மிச்சமான தொகை 350 கோடி டாலர், அதாவது மொத்தச் செலவில் நூற்றில் ஒரு பங்கு. விடுபட்ட குழந்தைகள் கிட்டத்தட்ட 1 கோடியே 20 லட்சம்.

இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது சென்டர் ஆன் பட்ஜெட் அண்ட் பாலிசி பிரையாரிட்டீஸ் என்ற அமைப்பு. இனி பட்ஜெட் மையம் என்றே சொல்கிறேன். அவர்கள் செய்தது எப்படிப்பட்ட வேலை என்று புரிய, ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஆண்டு வருமானம் 20,000 டாலர். இந்த வருமானத்துக்கு வருமான வரி இல்லை. கட்டாத வரியில் எதைக் கழிப்பது? அதனால் சலுகை பணமாகக் கையில் வந்தால்தான் உண்டு. அப்போதைய விதிப்படி 10,500 டாலருக்கு மேல் சம்பாதிக்கும் தொகையில் 10 சதவீதம்தான் அப்படிப் பணமாக வரும். 9,500 டாலரில் 10 சதவீதம், 950 டாலர். சலுகையின் உச்சத்தை 600லிருந்து 1,000 ஆக்கினாலும் இவர்களுக்கு அதே 950தான். செனட் பிரிவு அந்த 10 சதவீதத்தை 15 ஆக்க நினைத்தது. ஆக்கியிருந்தால் 1,425 டாலர் கிடைத்திருக்கும். 60,000 டாலர் சம்பாதிக்கும் பக்கத்து வீட்டுக்கு 800 டாலர் காசோலை வந்தது. இந்த வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை.

சட்டத்தின் தலைப்பைப் பார்த்தால் எல்லாக் குடும்பத்துக்கும் உதவி. 10 என்பதை 15 ஆக்கும் ஒரு வரி விடுபட்டதில்தான் ஏழைக் குடும்பம் வெளியே நின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மாதிரி வரிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவதுதான் பட்ஜெட் மையத்தின் தொழில். முற்போக்குக் கொள்கை அமைப்புகள் பல உண்டு. இந்த ஒன்றை ஆய்வுக்கு எடுக்கக் காரணம், ஒரு சிறு குழு சரியான கணக்கோடு சரியான நேரத்தில் போய் நின்றால் எவ்வளவு சாதிக்கலாம், எந்த இடத்தில் அந்தக் கணக்கும் கைகொடுக்காது என்ற இரண்டையுமே இதன் வரலாறு காட்டிவிடுகிறது.

தொடக்கம்

மையத்தை 1981ல் தொடங்கியவர் ராபர்ட் கிரீன்ஸ்டீன். அதற்கு முன் ஜிம்மி கார்ட்டர் ஆட்சியில் வேளாண் துறையின் கீழ் இயங்கும் உணவு, ஊட்டச்சத்துப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். அந்தக் காலத்தில் நடந்த ஒரு மாற்றம்தான் அவருடைய பிற்கால வேலைக்கே அடித்தளம் என்று நினைக்கிறேன். அதுவரை உணவுக் கூப்பன் இலவசமாகக் கிடைக்காது. ஏழைக் குடும்பம் மாதத் தொடக்கத்தில் ஒரு தொகையைக் கட்டி, அதைவிட அதிக மதிப்புள்ள கூப்பனை வாங்க வேண்டும். கையில் காசே இல்லாதவனுக்கு உணவு வாங்கவே முன்பணம் கேட்டால் எங்கே போவான்? 1977ல் வந்த சட்டம் இந்த விதியை நீக்கியது. 1979 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்ததும் அந்த ஒரே மாதத்தில் சுமார் 15 லட்சம் பேர் புதிதாகத் திட்டத்துக்குள் வந்தார்கள். செனட்டில் இதற்குத் துணை நின்றவர்களில் ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மெக்கவர்னும் உண்டு, குடியரசுக் கட்சியின் பாப் டோலும் உண்டு.

தொடக்கப் பணம் ஃபீல்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையிடமிருந்து வந்தது. 1967ல் மருத்துவர் குழுவை மிசிசிப்பிக்கு அனுப்பி, அங்கே குழந்தைகள் பட்டினி கிடப்பதை நாட்டுக்குத் தெரியவைத்த அதே அறக்கட்டளை. பத்தாண்டுகள் கழித்து மருத்துவர்கள் திரும்பிப் போனபோது நிலைமை வெகுவாகத் தேறியிருந்தது, அதற்கு உணவுக் கூப்பன் ஒரு பெரிய காரணம்.

1981ல் ரொனால்ட் ரேகன் பதவிக்கு வந்தார். வருமான வரி குறைந்தது, உணவுக் கூப்பன், பள்ளி மதிய உணவு, ஏழைத் தாய்மாருக்கான உதவித்தொகை எல்லாவற்றிலும் கை வைத்தார்கள். கெட்சப்பையும் காய்கறிக் கணக்கில் சேர்க்க இடம் தரும் ஒரு வரைவு விதி அந்த ஆண்டு வெளிவந்து, நாடு முழுக்க எழுந்த கண்டனத்தில் திரும்பப் பெறப்பட்டதும் அப்போதுதான். வலதுசாரிகளிடம் 1973லேயே தொடங்கிய ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற கொள்கை ஆய்வு அமைப்பு இருந்தது. ஏழைகள் பக்கம் இருந்து பட்ஜெட் புத்தகத்தை வரி வரியாகப் படிக்கவும், படித்ததைப் பத்திரிகையாளருக்கும் காங்கிரஸ் உறுப்பினரின் உதவியாளருக்கும் உடனே புரியும்படி எழுதித் தரவும் ஆள் குறைவு. அந்த இடத்தைத்தான் மையம் பிடித்தது.

ஒரு மசோதா வெளியான அன்றே, அல்லது மறுநாள், அதில் யாருக்கு எவ்வளவு கூடுகிறது, யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று சில பக்க அறிக்கை வந்துவிடும். அதில் கோஷம் இருக்காது. எதிர்க்கட்சி உறுப்பினரும் மேற்கோள் காட்டக்கூடிய நிதானத்தில் எழுதியிருப்பார்கள். எண்கள் பெரும்பாலும் அரசாங்கத்தின் சொந்த எண்கள். மூன்று மாதம் கழித்து வரும் கனமான ஆய்வைவிட, வாக்கெடுப்புக்கு முந்தின இரவு மேசையில் இருக்கும் நான்கு பக்கத்துக்கு மதிப்பு அதிகம் என்று அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். கிரீன்ஸ்டீனுக்கு 1996ல் மக்ஆர்தர் விருது கிடைத்தது. 2020 வரை அவரே மையத்தை நடத்தினார், பிறகு ஷாரன் பாரட் பொறுப்பேற்றார்.

1985ல் எழுதிய பட்டியல்

வெளியே அதிகம் பேசப்படாத ஒரு வெற்றியைச் சொல்ல வேண்டும். 1985ல் பற்றாக்குறையைக் கட்டுப்படுத்த கிராம்-ரட்மன்-ஹாலிங்ஸ் சட்டம் வந்தது. இலக்கைத் தாண்டினால் எல்லாத் திட்டங்களிலும் தானாகவே வெட்டு விழும் என்பது அதன் அடிப்படை. அப்படியே விட்டிருந்தால் ஏழைகளின் உணவிலும் மருத்துவத்திலும்தான் முதல் அடி விழுந்திருக்கும். உணவுக் கூப்பன், மெடிகெய்ட் என்ற ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரும் உதவித்தொகை போன்றவை வெட்டுக்கு அப்பாற்பட்டவை என்று ஒரு பட்டியல் அந்தச் சட்டத்துக்குள் சேர்ந்தது. அதற்காக வாதாடியவர்களில் பட்ஜெட் மையமும் ஒன்று.

அந்தப் பட்டியலின் அருமை தெரிய 28 ஆண்டுகள் ஆயின. 2011ல், அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற உச்சவரம்பு பற்றிய சண்டையில் பிறந்த சட்டம் அதே தானியங்கி வெட்டைத் திரும்பக் கொண்டுவந்தது, 2013ல் வெட்டு விழுந்தது. பழைய பட்டியல் அப்படியே செல்லுபடியானதால் உணவு உதவியும் மெடிகெய்டும் தப்பின. பட்டியலுக்கு வெளியே இருந்த ஹெட் ஸ்டார்ட் என்ற ஏழைக் குழந்தைகளின் மழலையர் கல்வித் திட்டத்தில் சுமார் 57,000 குழந்தைகளுக்கு இடம் போனது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், சட்டத்தின் உட்பிரிவில் ஏன் இவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றாது.

1996ல் விழுந்த அடி

எல்லா ஆண்டும் அப்படி அமையவில்லை. 1996ல் பில் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தம் மையத்துக்குப் பெரிய தோல்வி. ஏழைத் தாய்மாருக்கான உதவித்தொகை அதுவரை தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் உரிமையாக இருந்தது. புதிய சட்டம் அதை மாநிலங்களுக்கு மொத்தமாகத் தரும் மானியமாக்கியது. ஆண்டுக்கு சுமார் 1,650 கோடி டாலர், விலைவாசி ஏறினாலும் கூடாது. இந்தச் சட்டத்தால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வறுமைக்குள் தள்ளப்படுவார்கள் என்று முன்கூட்டியே மதிப்பீடு இருந்தது. சுகாதார, மக்கள்நலத் துறையில் அந்த மதிப்பீடுகளைக் கையாண்ட வெண்டல் பிரைமஸ், அதிபர் கையெழுத்திட்டதும் பதவியை விட்டு விலகினார். பிறகு வந்து சேர்ந்த இடம் பட்ஜெட் மையம்.

அடுத்த சில ஆண்டுகளில் பொருளாதாரம் நன்றாக இருந்ததால் வறுமை குறைந்தது, எச்சரித்தவர்கள் மிகைப்படுத்திவிட்டார்கள் என்று பலர் பேசினார்கள். மையம் ஆண்டுதோறும் ஒரே ஒரு எண்ணை வெளியிட்டுக்கொண்டே இருந்தது: வறுமையில் வாடும் 100 குடும்பங்களில் எத்தனைக்கு இந்த உதவி போய்ச் சேருகிறது? 1996ல் 68. 2020ல் 21. பேச்சு மாறலாம், ஆட்சி மாறலாம், அந்த எண் இறங்கிக்கொண்டே வந்தது. தோற்ற பிறகும் கணக்கு எழுதுவதை விடாமல் இருப்பதற்கு ஒரு பிடிவாதம் வேண்டும். எனக்கு இந்த அமைப்பின் மேல் மதிப்பு வந்தது இந்த ஒற்றை வரைபடத்தைப் பார்த்துத்தான்.

வரம்பு இறங்கிய கதை

இப்போது குழந்தை வரிச் சலுகைக்குத் திரும்புவோம். மையத்தின் முறையை முழுசாகப் பார்க்க இதைவிட நல்ல வழக்கு இல்லை.

2001ல் புஷ்ஷின் முதல் வரிக்குறைப்பில்தான் வரி கட்டாத ஏழைக் குடும்பங்களுக்கும் இந்தச் சலுகையில் ஒரு பகுதி பணமாகப் போகத் தொடங்கியது. குடியரசுக் கட்சியின் ஒலிம்பியா ஸ்னோ போன்ற செனட்டர்கள் பிடித்த பிடியில் வந்த பிரிவு அது. ஆனால் 10,000 டாலர் வரைக்குமான சம்பாத்தியத்துக்குச் சல்லிக்காசு கிடையாது, அதற்கு மேல்தான் 10 சதவீதம். அந்த வரம்பு விலைவாசியோடு ஏறவும் செய்யும். சம்பளம் ஏறாத கூலித் தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஆண்டு சலுகை குறையும் என்று பொருள்.

2003ல் செய்தி வெடித்த பிறகு என்ன ஆனது? ஒரே வாரத்தில், ஜூன் 5 அன்று, செனட் 94க்கு 2 என்ற கணக்கில் விடுபட்ட பிரிவை நிறைவேற்றியது. கீழவை அதை 8,200 கோடி டாலர் வரிக்குறைப்புப் பொட்டலத்துக்குள் வைத்துக் கட்டியது, இரண்டு அவைகளும் ஒத்துவரவில்லை, இழுபறியாகிவிட்டது. 15 சதவீதம் சட்டமானது 2004 அக்டோபரில்தான். ஊரே பார்த்துக் கோபப்பட்ட ஒரு அநியாயத்தைச் சரிசெய்யக்கூட பதினாறு மாதம்.

2009ல் ஒபாமாவின் பொருளாதார மீட்புச் சட்டம் வரம்பை 3,000 டாலருக்கு இறக்கியது. தற்காலிகம் என்று வந்ததை 2015ல் நிரந்தரமாக்கினார்கள். 2017ல் டிரம்ப்பின் வரிச் சட்டம் சலுகையை 2,000 டாலராக உயர்த்தி வரம்பை 2,500 ஆக்கியது, ஆனால் பணமாகக் கிடைப்பதற்கு 1,400 என்ற தனி உச்சம் வைத்தது. மறுபடி ஒரு கணக்கு. ஆண்டுக்கு 10,000 டாலர் சம்பாதிக்கும் ஒரு தாய், நான்கு வயதில் ஒன்றும் ஒன்பது வயதில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள். 2,500 போக 7,500. அதில் 15 சதவீதம், 1,125 டாலர். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து அவ்வளவுதான். 4 லட்சம் டாலர் சம்பாதிக்கும் தம்பதிக்கு இரண்டு பிள்ளைகளுக்கு முழுதாக 4,000. பெற்றோரின் வருமானம் போதாது என்ற ஒரே காரணத்தால் முழுச் சலுகையும் கிடைக்காத குழந்தைகள் சுமார் 2 கோடியே 70 லட்சம் என்று மையம் கணக்கிட்டது. கறுப்பின, லத்தீனக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இதில் அடக்கம்.

2021ல் அந்த வரம்பு மறைந்தது. கொரோனா மீட்புச் சட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 3,600 டாலரும், அதற்கு மேல் 17 வயது வரை 3,000 டாலரும் தந்தது. சம்பாத்தியம் சுழியாக இருந்தாலும் முழுத் தொகை. பாதியை ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் வங்கிக் கணக்கில் போட்டார்கள். மேலே சொன்ன தாய்க்கு 1,125 டாலருக்குப் பதில் 6,600. மாதம் 550 டாலர்: ஒரு மாத மளிகை, அல்லது வாடகையில் ஒரு பங்கு, அல்லது பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கான கட்டணம்.

அரசு உதவிகளையும் வரிச் சலுகைகளையும் வருமானத்தில் சேர்த்துக் கணக்கிடும், மக்கள்தொகைத் துறையின் துணை வறுமை அளவீட்டின்படி 2020ல் 9.7 சதவீதமாக இருந்த குழந்தை வறுமை 2021ல் 5.2 ஆனது. அந்த அளவீட்டில் அதுவரை பதிவான மிகக் குறைந்த அளவு. 2022ல் 12.4. திட்டம் ஓராண்டுக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தது, நீட்டிக்கும் மசோதாவை 2021 டிசம்பர் 19 அன்று மேற்கு வர்ஜீனியாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ மான்ச்சின் தொலைக்காட்சியில் ஆதரிக்க மறுத்துவிட்டார். செனட்டில் 50க்கு 50. ஒருவர் விலகினால் கதை முடிந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

எதிர்த்தவர்களின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் பணம் என்றால் பெற்றோர் வேலையை விடுவார்கள் என்றார்கள். இந்த மாற்றம் நிரந்தரமானால் சுமார் 15 லட்சம் பெற்றோர் வேலையிலிருந்து விலகுவார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் புரூஸ் மேயர் உள்ளிட்டோர் ஒரு மதிப்பீடும் வெளியிட்டார்கள். பணம் உண்மையில் போன அந்த ஆறு மாதங்களை ஆராய்ந்த பல ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க வேலையிழப்பு தென்படவில்லை. ஆறு மாதத்தை வைத்து நிரந்தரத் திட்டத்தைப் பற்றிச் சொல்ல முடியாது என்பது நியாயமான மறுப்புதான். ஆனால் 12.4 என்பது ஊகம் இல்லை, நடந்தது.

இங்கேதான் மையத்தின் எல்லை தெரிகிறது. எண்கள் அத்தனையும் அதன் பக்கம் இருந்தன, ஒரு ஓட்டு இல்லை. அறக்கட்டளைப் பணத்தில் நடக்கும், வாஷிங்டனிலேயே வேர்விட்ட ஒரு ஆய்வு அமைப்பால் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்க ஊர்களில் ஆயிரக்கணக்கான தாய்மாரைத் திரட்டி ஒரு செனட்டரின் அலுவலகத்தின் முன் நிறுத்த முடியாது. அது தொழிற்சங்கமும் தேவாலயமும் கட்சியும் செய்ய வேண்டிய வேலை. அவை பலவீனமாக இருக்கும் இடத்தில் அறிக்கை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தடுப்புச் சுவராகத்தான் நிற்கும். மையத்தின் பெரிய வெற்றிகளைப் பட்டியல் போட்டால் பாதிக்கு மேல் ‘வெட்டைத் தடுத்தது’ என்ற வகை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை 1996க்குப் பிந்தைய அந்த 68ம் 21ம் காட்டிவிட்டன.

789 என்ற எண்

மையத்தின் முறை வெளிநாடுகளுக்கும் போனது. 1997ல் அது தொடங்கிய பன்னாட்டு பட்ஜெட் திட்டம் பிறகு இன்டர்நேஷனல் பட்ஜெட் பார்ட்னர்ஷிப் என்று பெயர் மாறி, தனி அமைப்பாகவே பிரிந்தது. அரசுகள் பட்ஜெட் விவரங்களை மக்களுக்கு எவ்வளவு திறந்து காட்டுகின்றன என்று நாடுகளை அளவிடும் ஆய்வை 2006 முதல் நடத்துகிறது. இந்தியாவுக்கு இதை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. குஜராத்தில் திஷா அமைப்பு அதற்கு முன்பே மாநில பட்ஜெட்டில் பழங்குடியினர் நிதியைப் பிரித்துப் பார்த்து, கூட்டல் பிழைகளைக்கூட எடுத்துக்காட்டிக்கொண்டிருந்தது.

பன்னாட்டுக் குழுவின் துணையோடு நடந்த இந்திய வேலைகளில் தலித் மனித உரிமைகளுக்கான தேசியப் பிரச்சார இயக்கத்தின் ‘789 பிரச்சாரம்’ முக்கியமானது. நம் அரசுக் கணக்கில் பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்ட நிதிக்கு 789 என்று தனிக் குறியீடு உண்டு. பணம் அந்தத் தலைப்பில் எழுதப்பட்டால் யாரும் தேடிக் கண்டுபிடிக்கலாம், பொதுத் தலைப்பில் கலந்துவிட்டால் போனது போனதுதான். டெல்லியில் இந்த நிதியிலிருந்து சுமார் 700 கோடி ரூபாய் 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்குத் திருப்பப்பட்டதை அம்பலப்படுத்தியதும் இப்படித் தலைப்பு தலைப்பாகப் பார்த்துத்தான். அந்த ஆண்டு மாநிலங்களவையில் உள்துறை அமைச்சர் ப. சிதம்பரமே அது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.

இப்போது

2024 ஜனவரி 31 அன்று குழந்தை வரிச் சலுகையை ஏழைகளுக்கு ஓரளவு விரிக்கும் மசோதா கீழவையில் 357க்கு 70 என்று இரு கட்சி ஆதரவோடு நிறைவேறியது. ஆகஸ்டு 1 அன்று செனட் அதை விவாதத்துக்கு எடுக்கவே இல்லை. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டம் சலுகையை 2,200 டாலராக்கியது. 2,500 டாலர் வரம்பும் 15 சதவீதமும் அப்படியே இருக்கின்றன. 10,000 டாலர் சம்பாதிக்கும் அந்தத் தாய்க்கு இன்றும் 1,125தான்.

அதே சட்டம் உணவு உதவியில் பத்தாண்டுகளில் சுமார் 18,600 கோடி டாலரைக் குறைக்கிறது என்பது காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. இதுவரை உணவு உதவித்தொகை முழுவதையும் மத்திய அரசே தந்தது. 2027 அக்டோபர் முதல், உதவித்தொகையைக் கணக்கிட்டுக் கொடுப்பதில் பிழை 6 சதவீதத்துக்குக் குறையாத மாநிலங்கள் அந்தப் பிழை அளவைப் பொறுத்து 5, 10 அல்லது 15 சதவீதத்தைத் தாங்களே போட வேண்டும். தவறுதலாகக் குறைத்துக் கொடுத்ததும் பிழையில்தான் சேரும். 2024ல் நாட்டின் சராசரிப் பிழை 10.93 சதவீதம், ஆகவே பல மாநிலங்களுக்கு இது பெரிய பாரம். பணம் போட மனமில்லாத மாநிலம் திட்டத்தையே சுருக்கப் பார்க்கும்.

சண்டை இப்போது வாஷிங்டனைவிட்டு மாநிலத் தலைநகரங்களுக்கு நகர்ந்திருக்கிறது. 1993ல் மையம் சில அறக்கட்டளைகளோடு சேர்ந்து மாநில அளவில் இதே வேலையைச் செய்யும் குழுக்களை வளர்க்கத் தொடங்கியது, இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அவை இருக்கின்றன. எந்த மாநிலம் எத்தனை கோடி கட்ட வேண்டிவரும், பிழையைக் குறைக்க எத்தனை ஊழியர்கள் வேண்டும், அந்தப் பணத்தை எந்த வரியில் திரட்டலாம் என்ற கணக்குகளை 2027க்கு முந்தைய மாநில பட்ஜெட் கூட்டத்தொடர்களில் கொண்டுபோய் வைக்க வேண்டிய பொறுப்பு இந்தக் குழுக்களுடையது.